ஒன்பதில் ஒட்டிய முள்

ஒரு காட்டில், அதாவது மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு ஒவ்வொரு குகைக்கும் நம்பர் போட்டுவிட்ட காட்டில், வேதநாயகம் என்றொரு கரடி வாழ்ந்தது. குகைவாசிகள் சங்கத்துக்குத் தலைவராக வேண்டும் என்பது அதன் ஆறு வருட ஆசை. தலைவர் யார் என்று முடிவு செய்வது சிங்கராஜா. ராஜாவுக்கோ காபி என்றால் உயிர். ஆகவே கரடி ஓர் எஸ்பிரஸோ மெஷினை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மெஷின் மக்கர் பண்ணியது. ஒன்பதுக்குப் போக வேண்டிய பிரஷர் முள் மூன்றைத் தாண்டவில்லை. கப்பில் விழுந்தது கழனித்தண்ணீர். இரண்டாவது கப் போடுவதற்குள் எல்லோருக்கும் பொதுவான ட்ரிப் சுவிட்ச் 'டப்' என்று விழுந்து, பதினெட்டுக் குகையிலும் கரண்ட் போனது. மாவு அரைத்துக்கொண்டிருந்த முயல் வீட்டிலிருந்து ஏச்சு கிளம்பியது. கரடி ரிப்பேருக்கு ஆள் தேடியது.

முதலில் வந்தது சகாயம் என்கிற கீரி. வேலை தெரிந்த மெக்கானிக், அதுதான் அதற்குப் பிடித்த சனி. பொடி போடும் இடத்தில் ஓட்டையில்லாத தட்டை மாட்டி பம்பை ஓட்டியது. முள் விறுவிறுவென்று ஒன்பதுக்கு ஏறியது.

"பம்ப் நல்லாத்தான் இருக்குங்க. பொடிதான் கொரகொரன்னு இருக்கு. தண்ணி நிக்காம ஓடிடுது."

"எங்க வீட்டுப் பொடியையா குறை சொல்ற?"

கீரி மீட்டரை வைத்துப் பார்த்தது. "ஹீட்டர்ல விரிசல். கரண்டு மெஷின் உடம்புக்குக் கசியுது. சுவிட்ச் விழுறது கோளாறு இல்லீங்க, அதுதான் உங்க உயிரைக் காப்பாத்துது. புது ஹீட்டர் வர ஒரு வாரம் ஆகும்."

"நாளன்னைக்கு ராஜா வர்றாருய்யா!"

"வரட்டுங்க. டீ போட்டுக் குடுங்க."

கரடி வாசலைக் காட்டியது.

அடுத்து வந்த குரங்கு தர்மலிங்கத்துக்கு 'முடியாது' என்ற சொல்லே தெரியாது. "முள்ளு ஏறல, அவ்வளவுதானே அண்ணே?" கண்ணாடியைக் கழற்றி, முள்ளை ஒன்பதுக்கு இழுத்துப் பசை போட்டு ஒட்டியது. "சுவிட்ச் விழுது, அவ்வளவுதானே?" ஒரு துண்டு ஒயரால் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேர் கனெக்‌ஷன் கொடுத்தது. "இனி ஜென்மத்துக்கும் விழாது."

"கசியுதுன்னு கீரி சொன்னானே?"

"நீங்க ரப்பர் செருப்பு போட்டுக்குங்க."

"வர்றவங்க?"

"அவங்க வாசல்லயே கழட்டிட்டுத்தானே வருவாங்க? மரியாதை தெரிஞ்சவங்களாச்சே!"

கரடிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆசை அதைவிடக் கூடுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கழுவிவிட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்தார்கள். ராஜாவே மெஷின் கைப்பிடியைத் தொட்டு இழுத்தார். பிடரி மயிர் முழுக்கக் குத்திட்டு நின்றது. ஓர் அடி உயரம் எம்பிக் குதித்தார். கரடி குனிந்து தன் ரப்பர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டது.

பயந்து துள்ளியதாக ராஜா எப்படி ஒப்புக்கொள்வார்? மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அடேயப்பா, இதுல்லய்யா ஸ்ட்ராங்கு!"

உடனே வரிசை நின்றது. மான் தொட்டு, கிடுகிடுவென்று நடுங்கி, "பிரமாதம்" என்றது. நரி இன்னொரு தரம் கேட்டது. அணில் தொட்டது, தூக்கியெறியப்பட்டு அரிசி டின் மேல் விழுந்தது, எழுந்திருக்கவில்லை.

"ஐயோ, ஷாக் அடிக்குதுங்க! மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று வாசலிலிருந்து கீரி கத்தியது.

"யார்றா அவன்?" என்றார் ராஜா. "முள்ளு ஒன்பதுல நிக்குது, கண்ணு தெரியல?"

"அணிலுக்கு எப்பவுமே ஸ்ட்ராங் ஒத்துக்காதுங்க" என்றது மான்.

வேதநாயகம் அன்றே தலைவரானது. புரளி கிளப்பியதாகக் கீரியைக் காட்டைவிட்டு விலக்கினார்கள். மறுநாள் அணிலுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் கண்கலங்கிப் பேசினார். இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் எல்லோருக்கும் காபி வழங்கப்பட்டது.

நீதி: உண்மை தெரிந்துவிட்டால் கத்தி ஊரைக் கூட்டாதே, பேசாமல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்.