கொடிக்காலின் கம்ப்யூட்டரும் ஈரச் சாக்கும்

மதுரையின் சித்திரை வெயிலை விலை கொடுத்து வீட்டுக்குள் வாங்கி வைத்த ஒரே மனிதன் எங்கள் கொடிக்கால்தான்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம், அதனால் அந்தப் பெயர். பரவையில் ஒரு மொட்டை மாடி அறையில் நானும் அவனும் குடியிருந்தோம். கேம் ஆடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர் அவனுடையது. டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் என்னுடையது.

"அது வெளாட்டுச் சாமான் மாப்ள. இதுதான் மெஷினு" என்பான்.

எனக்குச் சேர்ந்து ஆட ஆள் வேண்டும். அவனுக்கென்று வாங்கிய இரண்டாவது கன்ட்ரோலர் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவனோ முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக ஆடுவான்.

மெஷின் ஓடினால் அறை அடுப்படியாகிவிடும். மேகம் கறுத்த ஒரு நாள் வீட்டுக்காரம்மா முறத்தோடு வந்து நின்றார். "தம்பி, இந்த வத்தல அந்தப் பொட்டிக்குப் பின்னாடி வச்சுக்கிறவா?"

வெயில் ஏற ஏற மெஷின் சூடு தாங்காமல் பாதி ஆட்டத்தில் அணையத் தொடங்கியது. கொடிக்காலுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஊரிலிருந்து சாக்கோடு வந்தான். அதை நனைத்து டேபிள் ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டு, கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றினான்.

"ஈரச் சாக்கு போட்டுத்தான் எங்கய்யா வெத்தலைய வாட விடாம வச்சிருக்காரு. இத வாட விட்ருவேனா?"

மெஷின் ஜில்லென்று ஓடியது. முகத்தில் சாரல் அடித்தது. எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதே சாரல் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்க்கொண்டிருந்ததை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. 'டப்' என்றது. அவ்வளவுதான்.

இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் உறையைப் பிரித்து கன்ட்ரோலரை நீட்டினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"மவுசு இல்லாம இந்தக் குச்சிய வச்சு எப்புடிரா குறி பாக்குறது?"

அந்தக் கோடை முழுக்கத் தோற்றான். அவ்வளவு சிரித்த கோடை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

இப்போது அவனுக்குப் பனி கொட்டும் தேசத்தில் வேலை. புது மெஷின்தான் அவன் அறைக்கு ஹீட்டராம். அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஞாயிறுதோறும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறோம். போன வாரம் நடு ஆட்டத்தில் கேட்டான்.

"மாப்ள, ஏசி போட்ருக்கியா?"

"ஆமா."

"அத அமத்திட்டு அந்த டேபிள் ஃபேனப் போடுறா. சத்தம் கேக்கட்டும்."

போட்டேன். வேர்த்து ஒழுக ஆடினேன். இரண்டாவது கன்ட்ரோலர் பக்கத்தில், அவன் உட்காரும் இடத்தில் இருந்தது.