மொனராகலைக்குப் போகாத ஃபோல்டர்

டொங்.

போர்வைக்குள் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். கொஞ்சம் விட்டு இன்னொரு டொங். பிறகு வரிசையாக நாலைந்து.

அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை இரவுக் கறிக்குப் போஞ்சிக்காய் நார் உரிப்பது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நான் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது, என் மனைவி யோகம் தையல் கடைக்குக் கிளம்பி வெளியே வருவாள். வாசல்படியில் வைத்துத்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

"போஞ்சி சட்டியில கிடக்கு. உரிச்சு வச்சிட்டுப் படுங்க" என்றாள்.

படுத்துவிட்டு உரிக்கலாம் என்று நான் முடிவு செய்தேன்.

சத்தம் போட்டது சேர்வர். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். தொழிற்சாலை ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. இரவில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு, அதை வீட்டு மூலையில் ஓட வைத்திருந்தேன். குடும்பத்தில் ஆளுக்கொரு ஃபோல்டர். இங்கே போட்டால் மகளுடைய லேப்டாப்பில் தெரியும், அங்கே போட்டால் இங்கே வந்து சேரும். அவள் மொனராகலைப் பக்கம் டீச்சர். மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். ஃபோல்டராவது தினம் வரட்டுமே என்று வைத்தது.

போன் அடித்தது. மகள் நித்யாதான்.

"அப்பா, என் ஃபோல்டர்ல எல்லாத்துலயும் சிவப்புப் புள்ளடி விழுது, ஒண்ணும் தொறக்குதில்ல. இங்க ரெண்டு மணிக்கு இன்டர்வியூப்பா. சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் இருக்கு."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது இடமாற்றத்துக்கான இன்டர்வியூ. கிடைத்தால் ஹாலிஎலவில் ஒரு பள்ளிக்கூடம், தினம் வீட்டிலிருந்து போய் வரலாம். போன மாதம் வந்தபோது சர்டிபிகேட்டுகளைக் கையோடு கொண்டுபோகிறேன் என்றுதான் சொன்னாள். தடுத்தது நான். "மழையில நனையும், பஸ்ஸுல தொலையும். எல்லாம் ஸ்கேன் பண்ணி சேர்வர்ல போட்டாச்சு. பேப்பர் தூக்குற காலமா இது?" என்று பெரிய மனிதன் மாதிரி பேசியவனும் நான்தான்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிம்மா."

"சேர்வரோட வெர்ஷனும் இந்த வெர்ஷனும் ஒத்துப்போகலையாம்."

விஷயம் புரிந்தது. போன வாரம் ஒரு இரவு வேலை குறைவு. சும்மா இருக்க முடியாத கை, தொழிற்சாலையில் இருந்தபடியே போன் வழியாகச் சேர்வரைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றிவிட்டது. மகளிடம் இருப்பது பழசு. இன்றைக்குத்தான் அவள் ஃபோல்டரைத் திறந்திருக்கிறாள்.

"வாட்ஸ்அப்ல போட்டு விடுங்களேன்ப்பா" என்றாள்.

அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

"சிஸ்டம்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்கோம்? நீ உன் பக்கத்தை அப்டேட் பண்ணு, தானா வரும்."

அவள் அப்டேட் செய்தாள். அரைவாசியில், "அப்பா, டேட்டா முடியப்போகுது" என்றாள். மேலதிக டேட்டா போட்டுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் இறங்கி முடிந்ததும், இந்த லேப்டாப் ரொம்பப் பழசு, இதில் ஓட மாட்டேன் என்று அது சொல்லிவிட்டது.

"சரி. நீ ஏற முடியாட்டி நான் இறங்கி வாறேன்" என்றேன். சேர்வரைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கினேன்.

இறங்கியது. டொங். ஃபோல்டர்கள் எல்லாம் புதிய வெர்ஷன் எழுதி வைத்தவை, பழைய வெர்ஷனால் திறக்க முடியாதாம். அதாவது இதுவரை மகளுக்கு மட்டும் தெரியாமல் இருந்த சர்டிபிகேட்டுகள் இப்போது எனக்கும் தெரியவில்லை.

"இப்ப வாட்ஸ்அப்ல..." என்று இழுத்தாள்.

"கொஞ்சம் பொறும்மா."

மறுபடி புதுசுக்கு ஏற்றினேன். அதற்கு என்மேல் கோபமோ என்னவோ, ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தது. திறந்தால் மூன்றும் வெறுமை. மணி பத்து. எனக்கு வியர்த்தது. பதுளைக் குளிரில், அதுவும் மழை மாதத்தில்.

போன் அடித்தது. இந்தத் தடவை யோகம்.

"என்னங்க, போஞ்சி உரிச்சாச்சா?"

நான் நடந்ததைச் சொன்னேன். வெர்ஷன், ஏற்றம், இறக்கம் எல்லாம் விளக்கமாக. அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முடிக்கும்வரை கேட்டாள்.

"ஸ்கேன் பண்ணுனதுதானே போச்சு. ஒரிஜினல் எங்க?"

நான் அலமாரியைத் திறந்தேன்.

"அந்தப் பொட்டி ஆடுதுன்னு அடியில ஒரு ஃபைலைக் குடுத்து வச்சீங்களே. நான் அன்னைக்கே சொன்னேன், வேற எதையாவது வைங்கன்னு."

குனிந்து பார்த்தேன். சேர்வருக்கு அடியில் நீல நிற ஃபைல் கவர். மகளின் பெயர் என் கையெழுத்தில். இரண்டு மணி நேரமாக நான் தேடிய அத்தனையும், தேடிய இயந்திரத்தையே தாங்கிக்கொண்டு கிடந்தது.

"இன்டர்வியூன்னா ஒரிஜினல் கேக்காம விடுவாங்களா? பத்தரைக்கு பஸ் இருக்கு. ஓடுங்க."

சேர்வரைத் தூக்கி ஃபைலை உருவினேன். தூக்கியதில் வயர் கழன்று, அதுவும் படுத்துவிட்டது. படுக்கட்டும்.

சாரம், ஸ்வெட்டர், இரண்டு காலுக்கும் இரண்டு வகைச் செருப்பு. வழியிலேயே மகளுக்குப் போன் போட்டு மொனராகலை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் அந்தக் கோலத்தில் ஓடினேன். மொனராகலை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பக்கவாட்டில் தட்டினேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏறுங்கண்ணே."

"நான் வரல தம்பி, இதுதான் போகுது. மொனராகலை ஸ்டாண்டுல மக நிப்பா. மஞ்சக் குடை. நித்யா டீச்சர்."

"உள்ள என்ன?"

"அவ வீட்டுக்கு வாற வழி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். செருப்பில் பார்வை நின்றது. "சரிண்ணே, நனையாம கொண்டு போறேன். நீங்க போய்ப் படுங்க" என்று, ஃபைலை டிரைவர் தலைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார்.

படுக்கவில்லை. பசறை தாண்டியிருக்குமா, மழை பிடித்திருக்குமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றேகாலுக்கு "கெடச்சிருச்சு" என்று ஒரு மெசேஜ். மூன்றரைக்குப் போன்.

"அப்பா, ஸ்கேன் காப்பியை யாரும் கேக்கவேயில்ல. ஒரிஜினல் இருக்கான்னுதான் மொதல் கேள்வி. நல்லாப் பேசினாங்க. அடுத்த தவணை ஸ்கூல் தொடங்கும்போது ஹாலிஎலவுக்கே வரலாம் போல."

"ம்" என்றேன்.

"சேர்வர் சரியாயிருச்சாப்பா?"

"அது ஓய்வெடுக்குது."

வயரை மாட்டவில்லை. யோகம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. போஞ்சிச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நார் உரிக்கத் தொடங்கினேன். காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது, அதற்கு மட்டும் எந்த அப்டேட்டும் வந்திருக்கவில்லை.