எல்லைச்சாமி போட்ட டவர்

சுருளி அருவிக்குப் போகிற சாலையோரம் ஒரு மேடு. போன வருஷம் வரை அங்கே ஆடுகள் மட்டும்தான் ஏறின. இப்போது மனிதர்கள் ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமையானால் கம்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, செருப்பு விடத் தனி இடம், பருத்திப்பால் கடை, குழந்தைகளுக்குப் பலூன். ஒரு கடவுள் குடிவந்துவிட்டார் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வந்தவர்கள் இரண்டு கையையும் கூப்புவதில்லை. ஒரு கையில்தான் போன் இருக்கிறதே! அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "எல்லைச்சாமீ, கோடு குடு! எல்லைச்சாமீ, கோடு குடு!" என்று கத்துகிறார்கள். கத்தக் கத்த போனில் கோடு ஏறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெண்கள் குலவை போடுகிறார்கள். கோவில் திருவிழாவில்கூட இத்தனை பயபக்தியை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் காரணகர்த்தா எல்லையானந்தர். காவி வேட்டி, கழுத்து நிறைய உருத்திராட்சம், இடுப்பில் புத்தம்புது போன். முற்றும் துறந்தவர், போனை மட்டும் துறக்கவில்லை.

ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊருக்கு இரண்டு கம்பெனி. ஒன்று மின்னல், மற்றொன்று சிகரம். 'பாதாளம் வரை பாயும் மின்னல்!' என்று கம்பம் சாலையில் ஒரு போர்டு. அதற்குப் பக்கத்திலேயே, 'மின்னல் வந்தால் மறையும், சிகரம் என்றும் நிலைக்கும்!' என்று இன்னொரு போர்டு. மின்னல் தன் வரைபடத்தில் பள்ளத்தாக்கு முழுக்க நீலம் பூசியிருந்தது. சிகரம் விட்டுவிடுமா? அது மேகமலைக் காட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பூசியது. அங்கே மேயும் யானைகள் எல்லாம் வீடியோ காலில் பேசிக்கொள்ளும் போலிருக்கிறது! சுருளிப்பட்டி மனிதன் போனைக் காதில் வைத்தால் மட்டும், நீலமும் இல்லை சிவப்பும் இல்லை. கம்பத்தில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாலும், ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும்: "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

அந்த 'எல்லை' என்ற சொல்லைத்தான் எல்லையானந்தர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீகளா? அந்தம்மா நெதம் சொல்லுது, எல்லைக்கு வெளியேன்னு! யாரு எல்லை? நம்ம எல்லைச்சாமி எல்லை! டவருக்குக் குழி தோண்டுனப்ப சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா? எல்லை அவுந்து போச்சு மக்கா. திரும்பக் கட்டணும்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. இத்தனை காலம் கம்பெனிக்காரி என்று நினைத்த குரல், அருள்வாக்கு அல்லவா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

அப்புறமென்ன? போனுக்குக் கட்ட எல்லைக்கயிறு வந்தது. இந்துவுக்கு மஞ்சள், முஸ்லிமுக்குப் பச்சை, கிறிஸ்தவருக்கு வெள்ளை. எல்லா மதத்தாரையும் ஒரே விலைக்கு மொட்டையடித்தார். சமத்துவம் என்றால் இதுதான் சமத்துவம். மேட்டின் நடுவே பட்டுத்துணி போர்த்திய பீடம். அதை ஒட்டி நெடிய எல்லைக்கம்பம், உச்சியில் வேப்பிலை கட்டிய செம்புக் கலசம். பீடத்தில் காதை வைத்தால் உள்ளே 'ம்ம்ம்' என்று ஓங்காரம் கேட்கும். மின்னல் சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கோடு ஏறாது. "அது உத்தரவு வாங்காத கம்பெனி. சிகரத்துக்கு மாறிட்டு வா" என்பார் சாமி. மாற்றிக்கொடுக்கப் பக்கத்திலேயே சிஷ்யர் வைகுண்டராஜ், கைரேகை மிஷினோடு உட்கார்ந்திருப்பார். பக்தனை வெயிலில் அலையவிடலாமா?

கயிற்றோடு வீட்டுக்குப் போனால் கோடு காணாமல் போய்விடும். அதற்கும் பதில் இருந்தது. கோழிக்கறி தின்ற கையோடு போனைத் தொட்டாயா? அசிங்கமான படம் பார்த்தாயா? இந்த இரண்டு கேள்விக்கும் தைரியமாக 'இல்லை' என்று சொல்ல ஊரில் ஒருத்தருமில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த கயிறு வாங்கினார்கள்.

பாண்டியம்மாள் மூன்று கயிறு வாங்கியிருந்தாள்.

அவளுக்கு வீடு மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்குள். மகள் கார்த்தீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாசம். தேனியிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று மருமகன் ஆதித்தன் படித்துப் படித்துச் சொன்னான். "தலப்பிள்ளைக்கு ஆத்தா வீட்டுக்கு அனுப்பாம எந்த ஊருல வெச்சுக்குவாக?" என்று பாண்டியம்மாள்தான் வீம்பாக அழைத்து வந்தாள். டவர் பற்றிச் சாமியிடம் கேட்டதற்கு அவர் கண்ணை மூடிச் சொன்னார்: "நூத்தியெட்டுங்கிறதே மந்திர எண்ணு ஆத்தா. வலி எடுத்ததும் அமுக்கு. எல்லைச்சாமி லைன் போட்டுக் குடுக்கும்."

போன வாரம் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. பாண்டியம்மாள் அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். சாமியும் வரவில்லை, லைனும் வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரை ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள். நல்ல வேளை, அது பொய் வலி. ஆனாலும் தாய் நெஞ்சு நடுங்கிப்போனது. அந்த நடுக்கத்திலும் அவளுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? காலையில் கருவாடு வறுத்தோமே, அந்தக் குற்றம்தான் என்று தோன்றியது!

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை சிகரத்துக்கு மாறி, பெரிய கட்டு கட்டிவிடுவதென்று மகளையும் கூட்டிக்கொண்டு மேடேறினாள். வழியில் உத்தமபாளையம் திராட்சை வியாபாரி உமர் பாருக் வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வேடிக்கை பார்க்க அவரும் கூடவே வந்தார்.

"எங்க மச்சானும் பச்சைக் கயிறு வாங்கிக் கட்டிருக்காரு அக்கா. இன்னும் மாடியில நின்னுதான் பேசுறாரு" என்றார்.

மேட்டில் நின்றதும் உமர் பாருக்கின் போன் கிணுகிணுத்தது. சிகரம் சிம். நாலு கோடு. போனில் ஒரு நூல்கூட இல்லை. கார்த்தீஸ்வரி அதைப் பார்த்தாள், அம்மாவின் போனைப் பார்த்தாள், நேரே பீடத்துக்கு முன்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, சக்தி கயித்துக்கா, எடத்துக்கா?"

"கயித்துக்குத்தான் மகளே!"

"கயிறே இல்லாத பாய் போன்ல நாலு கோடு நிக்குது. எங்கம்மா போன்ல மூணு கயிறு தொங்குது, ஒரு கோட்டையும் காணோமே?"

"அது சிகரம் சிம்மு. சாமி உத்தரவு வாங்குன கம்பெனி."

"சரி. அப்ப பாய் இந்த மேட்ட விட்டு எறங்கட்டும்."

உமர் பாருக் போனைப் பார்த்தபடி இறங்கினார். "மூணு!" என்றார். கொஞ்ச தூரத்தில், "ஒண்ணு!" மோட்டார் ரூம் பக்கம் போனதும், "சுத்தமாப் போச்சு!"

கூட்டம் முணுமுணுத்தது. சாமி சிரித்தார். "அவருக்கு நம்பிக்கை இல்ல. கயிறும் இல்ல. எப்படி நிக்கும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் கார்த்தீஸ்வரி. "உங்களுக்கு நம்பிக்கை இருக்குமில்ல? உங்க போன்ல தங்கக் கலர் கயிறே இருக்கு. அதக் குடுங்க."

சாமியின் கை இடுப்புக்குப் போனது; எடுத்துக் கொடுக்க அல்ல, மறைக்க. "அத... அதத் தீட்டு ஆளுக தொடப்படாது."

"அப்ப நீங்களே கொண்டுக்கிட்டு எறங்குங்க. அந்த மோட்டார் ரூம் வரைக்கும். எங்கம்மா உங்களத்தான் நம்பி என்னையக் காட்டுக்குள்ள வெச்சிருக்காக."

கூட்டத்திலிருந்து முத்துராஜா என்ற முரட்டு பக்தர் எழுந்தார். "சாமி, எறங்குங்க சாமி! இந்தப் பொண்ணு வாய அடைச்சுட்டு வாங்க!" பக்தியோடு சாமியை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பக்தன் தூக்கினால் சாமி என்ன செய்யும்? மோட்டார் ரூம் அருகே இறக்கிவிட்டு, போனை வாங்கிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார்.

"ஏலே, சாமிக்கே டவர் இல்லடா!"

அந்த அலறல் மேட்டுக்குக் கேட்டபோது பாண்டியம்மாள் பீடத்தில் காதை வைத்திருந்தாள். அவள் வீட்டு இன்வெர்ட்டரும் இதே ஓங்காரத்தைத்தான் ராப்பகலாக ஓதுகிறது. பட்டுத்துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர், பச்சை விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வயர் எல்லைக்கம்பத்துக்குள் நுழைந்து கலசம் வரை ஏறியிருந்தது. தூரத்து டவரிலிருந்து சிகரத்தின் சிக்னலை மட்டும் பிடித்து மேட்டில் பரப்புகிற பெட்டி. பெட்டி மேலே ஸ்டிக்கர்: 'வைகுண்டராஜ் ஏஜென்சீஸ், சிகரம் சிம் மொத்த விற்பனை'.

பாண்டியம்மாள் வயரைப் பிடுங்கினாள். மேடு முழுக்க எல்லார் போனிலும் நாலு கோடும் ஒன்றாகச் செத்தது.

சிஷ்யர் வைகுண்டராஜ் கைரேகை மிஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டிலிருந்து கீழே ஓட்டம் பிடித்தார். கீழேயிருந்து சாமி, "மொதலாளி, என்னையும் கூட்டிட்டுப் போங்க!" என்று அலறினார். சாமிக்கே முதலாளி ஒருவர் இருந்த செய்தி அப்போதுதான் பக்தர்களுக்குத் தெரிந்தது. முத்துராஜா இரண்டு பேரையும் வேட்டியோடு சேர்த்துப் பிடித்துவிட்டார்.

பாண்டியம்மாள் இறங்கி வந்து வைகுண்டராஜின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"எம்மக துடிச்சா. நான் கருவாட்டக் குத்தஞ்சொல்லிக்கிட்டு நின்னேன். அது நெசவலியா இருந்திருந்தா என் பிள்ள என்னாயிருப்பா? சிம்மு விக்கிறதுக்கு எம் பிள்ள உசுருதான் கெடச்சுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று கயிற்றையும் பல்லால் கடித்து அறுத்தாள். "பாய், வண்டியக் கம்பத்துக்கு விடுங்க. பெரியாஸ்பத்திரி பின்னாடி எந்தங்கச்சி வீடு இருக்கு. புள்ள பொறக்குற வரைக்கும் அங்கனதான் இருக்கப்போறோம். மருமகன் அன்னைக்கே சொன்னாரு, நாந்தான் கேக்கல." மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேனில் ஏறப்போனபோது, பிடிபட்ட இருவரையும் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு முத்துராஜா மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அவருடைய போன். முகத்தில் உண்மையான கவலை.

"தங்கச்சி, இந்த ஆளு சிகரத்துக்குச் சாமி. நம்ம வீட்டுல எல்லாரும் மின்னலு. அதுக்கு எந்த ஊருச் சாமிகிட்டத்தா போகணும்?"

கார்த்தீஸ்வரி வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டவர் வைக்காம போர்டு மட்டும் வெச்சானுகளே, அந்த ரெண்டு கம்பெனிக்காரன் ஆபீசுக்கும் ஊரோட போயி உக்காருங்க அண்ணே. போறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க. அதுக்கு டவர் வேண்டாம்."