மூன்று சிவப்புப் புள்ளிகள்

"டிங்!"

வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. எஞ்சினையே இன்னும் கிளப்பவில்லை. டேஷ்போர்டின் ஓரத்தில் இருந்த வட்டக் கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்கு மணி அடித்தது. அடித்ததோடு விட்டதா? அதன் சின்ன முள் கழன்று கண்ணாடிக்குள்ளேயே விழுந்தது.

"போச்சு! பதக்கம் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சரித்திரம்.

சரித்திரம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. எந்தப் பழைய காரைப் பார்த்தாலும், அதன் கதவுக் கைப்பிடி எந்த ஆலையில் எந்த வருஷம் பிறந்தது என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்துவிடுவார். அதனால் பழைய கார் சங்கத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு டயரைக் கழற்றி மாட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

வண்டி மாமனாருடையது. அவர் அதைப் புதிதாக வாங்கி, கண்ணை மூடும்வரை தானே ஓட்டி, தானே துடைத்து வைத்திருந்தார். உடைந்த சாமானைக்கூடத் தூக்கி எறிய மனம் வராத மனிதர். அவர் போனபின் வண்டியும், மாமியாரும் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வண்டியை மட்டும் கவனித்துக்கொண்டார்.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் 'அசல் வண்டி' என்று ஒரு பதக்கம் உண்டு. ஆலையை விட்டு வந்த அதே உருவில் இருக்கும் வண்டிக்குத்தான் கிடைக்கும். சரித்திரம் காலையில் கண் விழிப்பதே அந்தப் பதக்கத்துக்காகத்தான். போட்டிக்கும் பெரிதாக ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் இதே மாடல் வண்டி ஒன்று இருந்தது. அதற்குப் பின் சீட்டும் கிடையாது, பம்பரும் கிடையாது. சும்மா இருந்திருந்தாலே பதக்கம் வீடு தேடி வந்திருக்கும். சும்மா இருக்கத்தான் சிலருக்கு வராது.

முள்ளை ஒட்டுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினார். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டியின் மற்ற எல்லாச் சாமானிலும் ஒரு சக்கர முத்திரை இருக்கும். இதில் நட்சத்திர முத்திரை இருந்தது.

"ஏய், இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "நம்ம வண்டி போலி!"

அவள் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, எல்லாத்துலயும் சக்கரம் இருக்கு, இது ஒண்ணுல மட்டும் நட்சத்திரம் இருக்குன்னா, இதுதானே வேற எங்கிருந்தோ வந்திருக்கணும்?"

"அது சாதாரண ஜனங்க யோசிக்கிற விதம்."

"நானும் சாதாரண ஜனம்தான்."

"அதைத்தான் சொல்றேன்."

கடிகாரத்தின் முகத்தில் நிமிஷக் கோடுகளின் மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. யாரோ கையால் வைத்தவை. ஒட்டி முடித்த சின்ன முள்ளைத் திருகி ஒரு புள்ளியில் வைத்தால், அது மெல்லத் திரும்பி வந்து 'டிங்' என்றது. சரித்திரத்துக்குப் புல்லரித்தது.

"பந்தயக் கடிகாரம்! முதல் சுற்று, ரெண்டாம் சுற்று, மூணாம் சுற்று. டிரைவர் தன் கையாலயே புள்ளி வெச்சிருக்கான். நம்ம வண்டி ரேஸ் வண்டிடி!"

"அப்பா சைக்கிளுக்கே வழி விடுவாரே" என்றாள் மனைவி.

அன்றைக்கே கடிகாரத்தின் படத்தை, யாரும் திருடிவிடக் கூடாதென்று பாதியை வெட்டிவிட்டு, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'நட்சத்திர முத்திரை பந்தயப் பிரிவாக இருக்குமோ?' என்று ஒரு கேள்வி. ஒருவர் கட்டைவிரலைத் தூக்கினார். இன்னொருவர் 'இருக்கலாம்' என்றார். மூன்றாமவர் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினார். சில நாளில் அந்த வேறொரு குழுவிலிருந்து சரித்திரத்துக்கே செய்தி வந்தது: 'நட்சத்திர முத்திரை என்றால் பந்தயப் பிரிவுதான். மூத்த நிபுணர் ஒருவர் உறுதி.'

"பார்த்தியா! மூத்த நிபுணரே சொல்லிட்டார்" என்று குதித்தார். அந்த மூத்த நிபுணர் தாம்தான் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. இந்தச் சங்கங்களில் வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது.

ஆக, எவனோ ஒரு பந்தயக் காரைக் குடும்பக் காராக வேஷம் மாற்றி, அப்பாவி மாமனார் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவாகிவிட்டது. வேஷத்தைக் கலைக்க மெக்கானிக் வந்தான். அவனுக்கு யார் எதைச் சொன்னாலும் 'ஆமா சார்'தான். கழற்றி மாட்டுகிற வேலை என்றால் இரண்டு 'ஆமா சார்'.

"ரேஸ் வண்டிக்குப் பின் சீட்டு எதுக்கு?"

"ஆமா சார். ஆமா சார்."

பின் சீட்டு வெளியே வந்தபோது மாமியார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளை, என் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து மடியில வெச்சுக்கிட்டு அந்த சீட்டுலதான் வந்தேன்."

"அதுக்காக சீட்டு அசல் ஆயிடுமா அத்தை?"

மாமியாருக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அவர் கண்ணில்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்ததே.

மதில் சுவருக்கு மேலே பல் டாக்டரின் தலை எட்டிப் பார்த்தது. "சார், அதைப் பழைய இரும்புக்குப் போடறதா இருந்தா நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்க டாக்டர். ஊருக்கெல்லாம் பல் கட்டறீங்க, உங்க வண்டிக்கும் ஏதாவது கட்ட வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார் சரித்திரம். டாக்டரும் சிரித்தார். சீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

பின் சீட்டு போனதும் வண்டியின் பின்பக்கம் லேசாகி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எம்பிக் குதித்தது. குதிப்பது பந்தய ரத்தம் என்றார் சரித்திரம். அந்த ரத்தத்துக்கு ஏற்ற எஞ்சினைப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தார்கள். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு அதை ஏற்றினால், அது பெரிதாக இருந்ததால் பானெட் மூடவில்லை. பானெட்டைக் கழற்றி வேறு மாட்டினார்கள். புது எஞ்சினின் கனத்தில் முன்பக்கம் அமுங்கி, பம்பர் தரையைத் தேய்த்தது. பம்பரையும் கழற்றினார்கள். கழற்றியது ஒவ்வொன்றும் மதிலைத் தாண்டிப் போனது. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக நன்றி சொன்னார்.

பிறகு வண்ணத்துக்கு வந்தார்கள். வண்டி நீலம். புள்ளிகளோ பளபளவென்ற சிவப்பு.

"பந்தயக்காரன் தன் வண்டிக்கு அடிச்ச பெயிண்ட்லதான் புள்ளியும் வெச்சிருப்பான். நீலத்தைச் சுரண்டு, அடியில சிவப்பு இருக்கும்."

மெக்கானிக் சுரண்டினான். "அடியிலயும் நீலம்தான் சார்."

"அதுக்கும் அடியில சுரண்டு."

"தகரம் வந்துடுச்சு சார்."

"அப்போ சிவப்பைத் துளிகூட விடாம சுரண்டி எடுத்துட்டுத்தான் நீலம் அடிச்சிருக்கான். எவ்வளவு கெட்டிக்காரத் திருடன் பாரு!"

"ஆமா சார்."

கடிகாரத்தைப் பெயிண்ட் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், புள்ளியின் நிறத்தை அணு பிசகாமல் கலக்கச் சொன்னார். கடைக்காரர் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாண வண்டிக்கா சார்?" என்று கேட்டார். சரித்திரம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அறியாமையோடு அவர் பேசுவதில்லை.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாமியார் தயங்கித் தயங்கி வந்தார். "மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? வண்டியை உங்க இஷ்டப்படி மாத்திக்குங்க. அந்த டிங்னு அடிக்கிறதை மட்டும் எனக்குக் குடுத்துடுங்களேன்."

"அத்தை! இந்த வண்டியில அது ஒண்ணுதான் அசல்."

"இல்ல மாப்பிள்ளை, அது வந்து..."

"புரியுது. மாமா ஞாபகமா வெச்சுக்க ஆசைப்படறீங்க. ஆனா உங்க ஞாபகத்தைவிடச் சரித்திரம் பெரிசு இல்லையா?"

மாமியார் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கு அது பழகிப்போன வேலை.

மறுநாள் மைதானம் முழுக்கப் பழைய கார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைவிடப் பழைய மனிதர் ஒருவர், தன் வண்டி எந்த மகாராஜாவுடையது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் உலகத்தில் அத்தனை மகாராஜாக்கள் இருந்திருக்கவே முடியாது.

நடுவர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். கசங்கிய முழுக்கைச் சட்டையோடு வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். டாக்டரின் நீல வண்டிக்கு அடியில் புகுந்தவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"இந்த மாடல்ல தொடாம வெச்சிருந்த வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நம்பவே இல்லை. பின் சீட்டு, பம்பர், பானெட், எஞ்சின், எல்லாத்துலயும் சக்கர முத்திரை. அசல்னா இதுதான் அசல்!"

டாக்டர் அடக்கமாகத் தலை குனிந்தார். பதக்கம் அவர் கழுத்துக்குப் போனது.

"அநியாயம்!" என்று சரித்திரம் தன் சிவப்பு வண்டியிலிருந்து கத்தினார். "அதெல்லாம் நான் தூக்கிப் போட்ட சாமான்!"

"நீங்களா தூக்கிப் போட்டீங்க?" என்று நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்?"

"ஏன்னா இது ரேஸ் வண்டி!"

"இந்தக் கம்பெனி ரேஸுக்கு வண்டியே செஞ்சதில்லையே."

"செஞ்சிருக்கான்! இதோ அத்தாட்சி!" சரித்திரம் கடிகாரத்தைப் பிடுங்கி நீட்டினார். "நட்சத்திர முத்திரை! மூணு சுற்றுக்கு மூணு புள்ளி!"

நடுவர் வாங்கிப் பார்த்தார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார், முகர்ந்தும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன். இந்தக் கடிகாரத்தை எந்த வண்டியிலயும் பார்த்ததில்லை."

"பார்த்திருக்க முடியாது! அவ்வளவு அபூர்வம்!" சரித்திரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைகள் மரியாதையாக ஆடின. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். "உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு! இதோட வரலாறு தெரிஞ்ச ஒருத்தர் இந்த மைதானத்துல இருந்தா முன்னாடி வரட்டும், பார்க்கலாம்!"

"டிங்!" என்றது கடிகாரம்.

டாக்டரின் நீல வண்டியில், பழைய பின் சீட்டில், டாக்டர் ஆசையாகக் கூப்பிட்டு உட்கார வைத்ததால் வசதியாகச் சாய்ந்துகொண்டிருந்த மாமியார், ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அது என் பழைய ஓவன் அடுப்புல இருந்த கடிகாரம் மாப்பிள்ளை, அடுப்பு உடைஞ்சதும் உங்க மாமா கழற்றி வண்டியில மாட்டினார், என் நகப் பாலிஷாலதான் புள்ளி வெச்சேன், முதல் புள்ளி முட்டைக்கு, ரெண்டாவது உருளைக்கிழங்குக்கு, மூணாவது கேக்குக்கு."