இரண்டு கிலோ குறைப்பு ஆணை

சுற்றுச்சூழலைக் காப்பாற்றியே தீருவது என்று கிணறுகள் துறை முடிவெடுத்தபோது, அதிகாரிகளின் கார்களைத் தொடாமல், ஆய்வாளர்களின் ஜீப்புகளைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிள் கொடுத்தார்கள். நம் ஆய்வாளர் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகச் சுற்றி, கிணற்றின் நீர்மட்டத்தை அங்கேயே லேப்டாப்பில் பதிய வேண்டும். அந்த லேப்டாப் மூன்று கிலோ. மலைப்பாதையில் அதைச் சுமந்து மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முட்டி போனால் வேலையும் போகும். ஆகவே, ஒரு கிலோவில் சின்ன லேப்டாப் ஒன்று தந்தருளும்படி பணிவன்புடன் விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தை ஆராய ஐவர் குழு அமைந்தது. மூன்று கார்களில் பின்னாலேயே வந்து, அவர் சைக்கிள் மிதிப்பதை நேரில் பார்வையிட்டார்கள். ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ளினார். குழுவினர் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார்கள்.

மறுநாள் விசாரணை. குழுத் தலைவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் கணக்கில் புலி.

"மொத்தத்துல ரெண்டு கிலோ குறையணும், அவ்வளவுதானே?"

"ஆமாங்க ஐயா."

"உங்க எடை என்ன?"

"எழுபத்தெட்டுங்க."

"மூணு கிலோ லேப்டாப்ல போய் ரெண்டு கிலோவத் தேடறீங்களே. எழுபத்தெட்டுல தேடுனா சுலபமா கிடைக்குமே. எது யாரோட எடைன்னு சைக்கிளுக்குத் தெரியவா போகுது?"

இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஆணை வந்தது: மேற்படி ஊழியர் தம் உடலிலிருந்து இரண்டு கிலோவை மூன்று மாதத்துக்குள் குறைத்து, மருத்துவச் சான்றுடன் தெரிவிக்க வேண்டியது.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று நம்பியதுதான் தப்பு. பத்து வருஷமாகத் தான் தொண்டை கிழியச் சொன்னதை அரசாங்கமே சொல்லிவிட்டது என்று மனைவி பூரித்துப்போனாள். ஆணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, எண்ணெயை ஒளித்துவைத்தாள். மூன்று மாதத்தில் மனிதர் நாலு கிலோ இறங்கினார். பாவம், அதைப் பெருமையாக வேறு எழுதி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. ஆணைக்கு மேல் குறைக்கப்பட்ட இரண்டு கிலோ, அலுவல் நேரத்திலும் குறைந்திருக்கக் கூடுமாதலால், துறைக்கே சொந்தம். காலியான அந்த இடத்தில் இரண்டு கிலோ பிரிண்டர் ஒன்று ஏற்றப்படும். ஏனைய ஆய்வாளர்களும் இவரை முன்மாதிரியாகக் கொண்டு குறைத்துக்கொள்ளவும்.

ஊழியர்கள் கொதித்துப்போனார்கள். சங்கம் அவசரமாகக் கூடியது. நம்மவரை நடுவில் உட்காரவைத்து, நாலு கிலோ எப்படிக் குறைந்தது, காலையில் என்ன சாப்பிட்டார், இரவில் எதை விட்டார் என்று இரண்டு மணி நேரம் துளைத்தார்கள். லேப்டாப்பின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவரும்தான். கடைசியில், அலுவலக எடை மெஷின் அரைக் கிலோ கூட்டிக் காட்டுகிறது, உடனே புதிது வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். துறை பணிந்தது. மெஷினைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்து, ஊழியர் தரப்பில் நம் ஆய்வாளரையே உறுப்பினராக்கியது.

முதல் கூட்டத்தில் அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, கறாராகச் சொன்னார்:

"ஆபீஸ்ல ஒண்ணு வச்சாப் போதாதுங்க. டூர்லயும் தினம் பாக்கணும். ஆளுக்கு ஒண்ணு, சைக்கிள் கேரியர்ல கட்டற மாதிரி கொடுங்க."