மாம்பழம் நான்தான்

படித்தவனை நம்பி ஒரு பாட்டிலைக் கையில் கொடுக்கக் கூடாது. படிக்காதவன் அதைக் குலுக்குவான், முகர்வான், சந்தேகம் வந்தால் தூக்கி எறிவான். படித்தவன் மேலே ஒட்டியிருப்பதைப் படிப்பான். படித்ததும் புரிந்துவிட்டது என்று நினைப்பான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் (எனக்கு முன்னால் போன இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பிவிட்டார்கள்). கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் தெருவில் பூச்சிமருந்து டப்பா, மாத்திரை அட்டை, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் படித்துச் சொல்லும் பொறுப்பு எட்டு வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. யாரும் சாகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் லண்டன் வரைக்கும் வந்தேன்.

லண்டனில் எம்.எஸ்சி. முடித்தேன். ஹீத்ரோ பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை கிடைத்தது. ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை கிடைத்தது. இந்த மூன்றும் சேர்ந்து சிகரெட்டைக் கற்றுக்கொடுத்தன. சிகரெட் இருமலைக் கொண்டுவந்தது. இருமல் என்னை மருந்துக்கடைக்கு அனுப்பியது. அங்கே கவுன்ட்டரில் நின்றவள்தான் தர்சினி. யாழ்ப்பாணத்துப் பெண். ஐந்து வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவள். ஆங்கிலம் லண்டனுடையது, தமிழ் அவள் அம்மாவுடையது.

“நீங்கள் பத்துறனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஆமா, பத்துதான். சில நாள் பன்னிரண்டு” என்றேன்.

அவர்கள் பேச்சில் ‘பத்துவது’ என்றால் புகைப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. கேள்வி என்னவென்று தெரியாமலே சரியான விடை எழுதிய ஒரே தேர்வு அது. அவள் சிரித்தாள். அடுத்த வாரமும் போய் இருமினேன். அதற்கடுத்த வாரம் இருமல் இல்லாமலே போனேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஜூன் மாதத்தில், அவள் விஷயத்துக்கு வந்தாள்.

“அடுத்த மாசம் ஒரு ஞாயிறு வீட்டை சாப்பிட வாங்கோ. அப்பா உங்களோட கதைக்கவேணுமாம். ஆனா சிகரெட் மணத்தோட வந்தீங்களெண்டா வாசல்லயே குட்பை சொல்லிடுவார். அவர் இருபது வருசம் பத்தி விட்டவர். விட்ட ஆக்களுக்கு மூக்கு நல்ல கூர்மை.”

ஆக, எங்கள் கல்யாணம் ஒரு மூக்கின் கையில் இருந்தது.

சிகரெட்டை விட, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்ச் தருகிறேன் என்றாள். வேண்டாம், நானே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிறேன் என்றேன். இரண்டு வாரம் இணையத்தில் படித்தேன், குறிப்பெடுத்தேன், ஓர் அட்டவணைகூடப் போட்டேன். பிறகு ஹவுன்ஸ்லோவில் செல்போன் உறை, சூட்கேஸ், வேப் என்னும் மின்சிகரெட் மூன்றையும் ஒரே ஆள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரும் யாழ்ப்பாணத்து அண்ணைதான்.

“ஒருக்காப் பாவிச்சு எறியிறதெல்லாம் இப்பத் தடை, தம்பி. இதுதான் நல்லம். இந்தச் சின்னக் குப்பியைப் பாட் எண்டு சொல்லுறது. ரெண்டு மில்லி பிடிக்கும். முடிய முடிய நீங்களே நிரப்பலாம். லிக்விட் என்ன மாதிரி வேணும்? சாதாரண நிக்கோட்டின் தொண்டையைப் பிராண்டும். இது சால்ட். உப்பு. வழுக்கிக்கொண்டு போகும்.”

“உப்பா?”

“ஓம், உப்பு.”

எனக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் கண்முன்னே விரிந்தது. காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பு. நிக்கோட்டின் காரம், அதில் ஓர் அமிலத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எனவே காரத்தின் முரட்டுத்தனமும் போய்விட்டது, அமிலத்தின் முரட்டுத்தனமும் போய்விட்டது, மிச்சமிருப்பது சாது. பிராண்டாததால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரியாது என்ற அடுத்த வரி என் அட்டவணையில் இல்லை.

“அஞ்சு, பத்து, இருபது எண்டு மில்லிகிராம் இருக்கு. உங்களுக்குப் பத்துக் காணும், போதும்.”

“இருபதுதான் அதிகபட்சமா?”

“ஓம். இந்த நாட்டுச் சட்டப்படி அதுக்கு மேல விக்க ஏலாது.”

இருபது இருக்கும்போது பத்தோடு வீட்டுக்குப் போன வரலாறு எனக்குக் கிடையாது. இருபதே கேட்டேன்.

அடுத்து வாசனை. புதினா, புகையிலை, தர்ப்பூசணி, இந்த உலகத்தில் எந்தச் செடியிலும் காய்க்காத ஒரு நீலப் பழம் என்று அடுக்கினார். கடைசியில் மாம்பழம் வந்தது. என் அம்மா மாங்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவர்; அப்பா மாந்தோப்புக் கூலி. தெரிந்த இடத்துச் சரக்கு என்று நம்பி எடுத்துக்கொண்டேன்.

“நிரப்பிப்போட்டுப் பத்து நிமிசம் விடுங்கோ, உள்ள இருக்கிற பஞ்சு ஊறவேணும். பேந்து ஆறுதலா இழுங்கோ” என்றார்.

“ஆறுதலாவா?”

“ஓம் தம்பி, அதுதான் முக்கியம். எப்பவும் ஆறுதலா இழுக்கவேணும்.”

வேப் விற்கும் ஒருவர் மனித மனத்தை இவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். எங்கள் பக்கம் ஆறுதல் என்பது சாவு வீட்டில் சொல்வது. பரீட்சையில் தோற்ற பையனின் தோளைத் தட்டிச் சொல்வது. செல்போனை எடுத்துக் குறித்துக்கொண்டேன்: *பத்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். மனதுக்கு ஆறுதல் தேவைப்படும்போது இழுக்க வேண்டும்.*

லண்டனில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு ஆறுதல் எவ்வளவு தேவைப்படும் என்று அந்த அண்ணை யோசித்திருக்க மாட்டார். ரயில் தாமதமானால் இழுத்தேன். மேலாளர் ‘நல்ல முயற்சி’ என்று பாராட்டினால் இழுத்தேன். சிகரெட்டுக்காவது ஒரு முடிவு உண்டு. விரலைச் சுட்டுத் தெரிவித்துவிடும். இதற்கு முடிவே இல்லை. அடிக்கடி விக்கல் வந்தது. ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

ஜூலையில் அந்த ஞாயிறு வந்தது. சவுத்தாலில் வீடு. தர்சினியின் அப்பா சிவநேசன் அங்கிள் வாசலில் நின்று மூன்றடி தூரத்திலிருந்து ஒருமுறையும், கைகொடுக்கும் சாக்கில் ஒருமுறையும் என்னை முகர்ந்தார். பாஸ். அவள் அம்மா ராணி ஆன்ட்டி மேசை நிறையப் பரிமாறினார்; தர்சினி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அங்கிளுக்கு மட்டும் பாகற்காயும் ஒரு பிடி குரக்கன் (நம்மூர்க் கேழ்வரகு) புட்டும். அவருக்குச் சர்க்கரை நோய். போன மாதப் பரிசோதனையில் காரணமே தெரியாமல் ஏறியிருந்ததாம்.

“அப்பா அம்மா என்ன செய்யினம், தம்பி?” என்று அங்கிள் கேட்டார்.

சொன்னேன். மறைக்கக் கூடாது என்று, “ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது அங்கிள். கைநாட்டுதான்” என்றும் சொன்னேன்.

அங்கிள் ஒரு நிமிடம் பேசவில்லை. புட்டைப் பார்த்தார். பிறகு, “சரி. ஆறுதலா சாப்பிடுங்கோ, தம்பி. பேந்து ஆறுதலா இருந்து கதைப்பம்” என்றார்.

முடிந்தது. பெண் இல்லை என்பதை ஒரு மனிதர் இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியுமா? ஆறுதலாகச் சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்ட பிறகு உட்காரவைத்து இன்னும் ஆறுதல் சொல்வார்களாம். ஆட்டிறைச்சியைத் தட்டிலேயே விட்டேன். கைகழுவப் போவதாகச் சொல்லி மாடிக் குளியலறைக்குப் போனேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு, பையிலிருந்ததை எடுத்து, வாழ்நாளில் மிகவும் தேவைப்பட்ட ஆறுதலை இழுத்தேன்.

அப்பாவுக்காக ஒன்று. அம்மாவுக்காக இரண்டு. பிறக்காமலே போகப்போகும் என் பிள்ளைகளுக்காகத் தலைக்கு மூன்று. பதினைந்து நிமிடத்தில் பாட் பாதி காலி. கண்ணாடியில் என் முகமே தெரியவில்லை. மாம்பழ மூட்டத்துக்குள் யாரோ விக்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்து உட்கார்ந்தேன். ஏதோ எடுக்க மாடிக்குப் போன ஆன்ட்டி, பாதிப் படியிலேயே நின்றார்.

“இஞ்சேருங்கோ. மேல மாம்பழம் மணக்குது.”

“எனக்கொண்டும் மணக்கேல்லை” என்றார் அங்கிள்.

“மூண்டு தெருவுக்கு அங்கால சிகரெட் பத்தினா மணக்கிற மூக்குக்கு, மாம்பழம் மட்டும் மணக்கேல்லையோ?”

“பெடியனுக்கு முன்னால என்ன கதை இது, ராணி?”

“பெடியனும் கேக்கட்டும். நான் புட்டைக் குறைக்கிறன், சோத்தைக் குறைக்கிறன், சுகர் மட்டும் ஏன் ஏறுதெண்டு இப்பத்தானே விளங்குது. எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?”

“பிள்ளையாராணை, நான் இண்டைக்கு மாம்பழம் தொடேல்லை!”

‘இண்டைக்கு’ என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. ஆன்ட்டி கவனித்தார். மாடியில் அலமாரிகள் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு சமையலறை, பிறகு பின்கதவு.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு இது நல்ல காலம். குற்றவாளியைத் தேடும் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் என் வாயில் எச்சில் ஊற்றெடுத்தது. நெற்றி வேர்த்து, கைகள் சில்லிட்டன. சுவரிலிருந்த லட்சுமி படம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அங்கிள் என் கையைப் பிடித்தார். “தம்பி, நீங்களே சொல்லுங்கோ. நான் இவ்வளவு நேரமும் இதில உங்களோடதானே இருந்தனான்? படிச்ச பிள்ளை நீங்கள். நீங்கள் சொன்னா நம்புவா.”

சாட்சிக்கு என்னைக் கூப்பிடுகிறார். பெண் தர மறுத்துவிட்ட மனிதருக்காக உண்மை சொல்வதா? மூன்று விக்கல் நேரம் யோசித்தேன். எழுந்து நின்றேன்.

“அங்கிள்... மாம்பழம் நான்தான்.”

சொல்லிவிட்டு வேப்பை எடுத்து ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, ஜன்னல் ஓரத்தில் குளிர்படாமல் ஏழு வருடம் ஆன்ட்டி வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டியை நோக்கி நடந்து, அதில் வாந்தி எடுத்தேன்.

லண்டனில் தமிழ் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தர்சினி என்னைத் தோட்டத்துப் பக்கக் கதவருகே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வேப்பைத் தூக்கிப் பார்த்தாள். “இருபதோ? எவ்வளவு நேரத்தில இவ்வளவு?” சொன்னேன். “உங்களுக்கென்ன விசரோ? ஏன் இப்பிடி இழுத்தனீங்கள்?”

“கடைக்கார அண்ணைதான் ஆறுதலா இழுக்கச் சொன்னாரு. எனக்கு நிறைய ஆறுதல் தேவைப்பட்டுச்சு.”

அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். “ஆறுதலா எண்டா மெதுவா! அவசரப்படாம!”

“அப்ப அங்கிள் ஆறுதலா சாப்பிடச் சொன்னது?”

“மெல்லச் சாப்பிடச் சொன்னவர்.”

“எனக்கு ஆறுதல் சொல்லலையா?”

“உமக்கு நான் ஏன் ஆறுதல் சொல்லவேணும்?” என்றார் அங்கிள். “ஆர் செத்தது?”

“கைநாட்டுன்னு சொன்னதும் நீங்க பேசாம இருந்தீங்களே அங்கிள்.”

“என்ரை அப்பாவும் கைநாட்டுத்தான். அவரை நினைச்சனான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கணமே, நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டவருக்கு உரிய குரலில் பின்பக்கம் திரும்பிக் கத்தினார்: “ராணி! கேட்டியே? மாம்பழம் பெடியன்ரை வாயிலயிருந்து வந்ததாம்! முப்பது வருசமாக் கட்டின புருசனை ஒரு நிமிசத்தில கள்ளனாக்கிப்போட்டாயே!”

பதிலுக்கு ஆன்ட்டியே வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. தோட்டத்துக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்ததாம். பாகிஸ்தான் மாம்பழப் பெட்டி. ஆறில் இரண்டு மிச்சம். உள்ளே ஒரு சின்னக் கத்தியும், நான்காக மடித்த பேப்பர் டவலும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

நான் விக்கினேன்.

ஆன்ட்டி பெட்டியை மேசையில் வைத்தார். கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியாக அங்கிளைப் பார்த்தார்.

“தர்சினி, இந்தப் பெடியனைக் கட்டு. இந்த வீட்டில ஒராளாவது பிடிபடுறதுக்கு முதல் உண்மை சொல்லட்டும்.”

அங்கிளின் கருத்தை யாரும் கேட்கவில்லை. சொல்லும் நிலையிலும் அவர் இல்லை.

கறிவேப்பிலைச் செடி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. நான் இருபதிலிருந்து பத்துக்கு இறங்கி, பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கி, கல்யாணத்துக்குள் ஒன்றுமே இல்லாத நிலைக்கு வந்தேன் (மதிப்பெண் குறையக் குறைய வீட்டில் பாராட்டு வாங்கியது அந்த ஒரு பாடத்தில்தான்). அங்கிள் என்னோடு நேரடியாகப் பேச நான்கு மாதம் பிடித்தது. பேசியதும் மைக்கில்தான் பேசினார். கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால், “எல்லாரும் எங்கட மருமகனைப் பற்றிக் கேக்கிறியள். சுருக்கமாச் சொல்லுறன். புகைச்சது அவர், பிடிபட்டது நான்” என்றார். இப்போதும் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், என்னை அறிமுகப்படுத்த அந்த ஒரு வரிதான். எனக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்றைக்கு மண்டபமே சிரித்தது. ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு வந்து, அங்கிள் கையிலிருந்த கேக் துண்டை வாங்கி என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. பிறந்தநாள், பொங்கல், தீபாவளி எதுவானாலும் அங்கிளின் பங்கு இனிப்பும் என்னிடம்தான் வருகிறது. அவர் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கண் இமைக்காமல் பார்ப்பார். அவருடைய சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார்.

“மாமனாருக்கு” என்றேன்.

அது கணக்கில் வராது என்றார்.