மஞ்சள் போட்ட இதயம்

பிடிவாதம் எல்லாரிடமும் இருக்கிறது. அதைத் தவறான நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். எனக்கு அது தாராளமாக உண்டு.

தருமபுரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த சமயம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் கோளாறு செய்கிற இடத்தை மட்டும் சூடு வைத்துப் பொசுக்குவார்கள். அதற்குப் பெயர் அப்லேஷன். பொசுங்கிய இடம் கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டியை அல்ட்ராசவுண்டிலேயே பார்ப்பதுதான் எலாஸ்டோகிராபி. திரையில் மெத்தென்ற சதை நீலம், கெட்டியானது சிவப்பு.

இதை ஓர் ஆட்டு இதயத்தில் மருத்துவர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். சொதப்பினால் ஆராய்ச்சியையே மூட்டை கட்டிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். (அவர் சொன்னால் சொன்னதுதான்.)

முந்தின நாளே பாப்பாரப்பட்டியில் கறிக்கடைக்குப் போய் இதயம் வாங்கி வந்து, ஆய்வகத்தில் ஓரிடத்தில் மட்டும் சூடு வைத்தேன். அங்கே ஃப்ரிட்ஜ் மக்கர் செய்ததால், எவர்சில்வர் டப்பாவில் போட்டு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்தால், இதயம் சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானாவது நிறுத்துவதாவது!

"ஃப்ரிட்ஜ்ல இருந்ததால நிறம் மாறியிருக்குங்க சார்" என்று அடித்துச் சொல்லி, கருவியை வைத்தேன். திரை முழுக்க ஒரே சிவப்பு.

"சுட்ட இடம் எதும்மா?" என்றார் பேராசிரியர்.

"எல்லா இடமும்தாங்க சார். சூடு நல்லா பரவியிருக்கு."

"அப்ப நோயாளி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து மோந்து பார்த்தார். "என்னம்மா, மஞ்சத்தூள் வாசம் வருது?"

வெளியே ஓடி வந்து மாமியாருக்குப் போன் போட்டேன்.

"பச்சக்கறிய அப்படியே வெச்சா வூடெல்லாம் கவிச்சி அடிக்காதா கண்ணு? மஞ்சளும் உப்பும் போட்டு வேக வெச்சு, மறுபடி டப்பாவுலயே வெச்சுட்டேன். ஏன், பத்தலையா?"

அவமானத்தில் அழுகை முட்டியது. ஆனாலும் விடுவதாக இல்லை. பேராசிரியரிடம் கெஞ்சி அவகாசம் வாங்கினேன். பக்கத்துக் கறிக்கடையில் இன்னோர் இதயம் வாங்கி, எல்லார் கண்ணெதிரிலேயே சூடு வைத்துக் கருவியை அழுத்தினேன். நீலத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு! ஆராய்ச்சி பிழைத்தது. அன்று முதல், வீட்டுக்குக் கறி வந்தால் "இது திங்கறதுக்கா, படிக்கறதுக்கா?" என்று கேட்காமல் அத்தை அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

போன மாதம் அத்தைக்கே படபடப்பு வந்து, இப்போது நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அப்லேஷன் செய்தார்கள். அப்புறம் ஸ்கேன் பார்க்கிற வேலை என்னிடம் வந்தது. பயந்துதான் போயிருந்தேன். அத்தையோ படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, நல்லா வெந்திருக்குதா?"

திரையைப் பார்த்தேன். நீலத்துக்கு நடுவில் அதே சின்னச் சிவப்பு.

"வேக வேண்டிய எடம் மட்டும் வெந்திருக்குங்க அத்தை."

"அப்ப மஞ்சள் போடலையாட்டம் இருக்குது" என்றார் அத்தை.